அக்டோபரில் பதினோரு நாள்

மார்ச் மாதம் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபதுக்கு, குடும்ப நீதிமன்றத்தின் தரைத்தளத்தில் மனு வாங்கும் ஜன்னலில், கணவனும் மனைவியும் சேர்ந்து கொடுத்த விவாகரத்து மனு ஒன்று திருப்பித் தரப்பட்டது.

மனைவிதான் ஜன்னலுக்கு நேரே நின்றிருந்தாள். அன்று காலை ஆறு மணியிலிருந்து ஆஸ்பத்திரி லேபில் முப்பத்தெட்டு பேருக்கு ரத்தம் எடுத்துவிட்டு, வெள்ளைக் கோட்டைக் கழற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டு நேராக வந்திருந்தாள். கணவன் இரண்டடி தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவனுக்குப் பின்னால் அவன் தங்கை. சாட்சியாக வந்தவள். பேக்கரியில் அரை நாள் லீவு சொல்லியிருந்தாள், அந்த அரை நாளும் வரிசையிலேயே போய்விடும் போலிருந்தது.

ஜன்னலுக்குள் இருந்த குமாஸ்தா இரண்டு காகிதங்களை அருகருகே வைத்தார்.

"இது ஒண்ணு சொல்லுது, அது ஒண்ணு சொல்லுது. எதம்மா நாங்க நம்பறது?"

முதலாவது தங்கையின் உறுதிமொழி. 'மேற்படி இருவரும் ஒரே வீட்டில் இருந்தபோதிலும், கடந்த பன்னிரண்டு மாதங்களும் இடைவிடாமல் சமையல், படுக்கை, துணி யாவும் தனித்தனியே நடத்தி வந்தனர் என்பதை நேரில் அறிவேன்.' இரண்டாவது, மஞ்சள் நிறத்தில் ஒரு கெட்டி அட்டை. அதில் மாதத்துக்கு ஒரு வரி, வரிக்கு இரண்டு கையெழுத்து. பத்து மாதங்களுக்கு 'தனித்தனி. சரி.' என்றிருந்தது. ஆகஸ்டில் 'தனித்தனி. சரி. குழாய் ஒழுகல், மாற்றப்பட்டது.' அக்டோபர் வரியில் குமாஸ்தாவின் விரல் நின்றது.

'8 முதல் 18 வரை சமையல் ஒன்று. துணி ஒன்று. காரணம்: முதுகு.'

"அக்டோபர்ல சேர்ந்துட்டீங்கன்னா அக்டோபர்லேருந்துதான் வருஷம் ஆரம்பிக்கும். இன்னும் ஏழு மாசம் இருக்கு. சேரலைன்னா சேரலைன்னு காட்டுங்க. அடுத்தவங்க வாங்க."

அவள் காகிதங்களைச் சேர்த்து எடுத்துக்கொண்டாள். அந்த அக்டோபர் வரிக்கு எதிரே இருந்த இரண்டு கையெழுத்துகளில் ஒன்று அவளுடையது. அந்த வரியை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

ஏழு மாதம் என்பது அவளுக்கு வெறும் கணக்கு இல்லை. அது மூன்றாவது மாடியில் ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரே ஒரு குளியலறை. இந்த வாடகையோடு இன்னொரு வாடகையும் கொடுக்க இருவர் வருமானமும் போதாது. அவன் வேலை பார்க்கும் லிஃப்ட் கம்பெனியில் கிடங்குக்கு மேலே அறைகள் உண்டு, தனியாட்களுக்கு மட்டும். கோர்ட் உத்தரவைக் காட்டினால்தான் சாவி. உத்தரவு வேண்டுமென்றால் ஒரு வருஷம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். பிரிந்து வாழ இடம் வேண்டுமென்றால் உத்தரவு வேண்டும். இந்தச் சுற்றில் அவர்கள் சிக்கி நின்றபோது, போன வருஷம் இதே கட்டடத்தின் வழிகாட்டு மேசையில் உட்கார்ந்திருந்த அம்மாள்தான் வழி சொன்னார். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பதால் கோர்ட் முழுக்க அவருக்குக் கண்ணாடியம்மா என்றுதான் பெயர்.

"ஒரே வீட்ல இருந்தாலும் பிரிஞ்சு வாழலாம், சட்டம் ஒத்துக்கும்," என்றிருந்தார் அவர். "அடுப்பு தனி, படுக்கை தனி, துணி தனி. விசேஷத்துக்கு ஜோடியாப் போகாதீங்க. வீட்டுக்கு வந்துபோற ஒருத்தர் சாட்சி சொல்லணும். என்னைக்குப் பிரிஞ்சீங்களோ அந்தத் தேதிய இன்னைக்கே எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. தேதிதான் முக்கியம். அழணும்னா வெளிய வராந்தா இருக்கு. உள்ள நாங்க தேதி மட்டும்தான் கேப்போம்."

தேதி மார்ச் மூன்று. அன்று முதல் இடது பக்க அடுப்பு அவளுக்கு, வலது பக்கம் அவனுக்கு. ஃபிரிட்ஜில் மேல்தட்டு அவளுக்கு. அவன் ஹாலில் படுத்தான். பேச்சு ஏற்கனவே குறைவு, அதனால் அதில் பெரிய மாற்றமில்லை. கூப்பிடுவதுதான் சிக்கலாகிவிட்டது. பதினான்கு வருஷமாக 'என்னங்க' என்று கூப்பிட்டவள், இனி அப்படிக் கூப்பிடுவது சரியில்லை என்று நிறுத்திவிட்டாள். வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. கேஸ் சிலிண்டர் தீர்ந்துபோனால் டம்ளரால் சமையல் மேடையைத் தட்டினாள். அவன் வந்து பார்த்துவிட்டுப் போவான்.

மஞ்சள் அட்டை அவன் யோசனை. எந்த லிஃப்டுக்குள்ளும் ஒரு சர்வீஸ் அட்டை மாட்டியிருக்கும். மெக்கானிக் மாதாமாதம் பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், கட்டடத்துக்காரர் ஒருத்தர் பக்கத்தில் போட வேண்டும். அப்படி ஓர் அட்டையைக் கம்பெனியிலிருந்து கொண்டுவந்து, தன் பக்கத்து அலமாரிக் கதவின் உட்புறம் மாட்டிவைத்தான். மாசக் கடைசியில் எழுதிக்கொண்டு வந்து நீட்டுவான். அவள் ஒரு நாளைக்கு நூறு ரத்த மாதிரிக் குழாய்களில் சின்னக் கையெழுத்துப் போடுகிறவள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அதிலும் ஒன்றைப் போட்டுவிட்டு வேலைக்கு ஓடுவாள்.

வராந்தாவில் மூவரும் நின்றார்கள். பெஞ்சில் இடமில்லை.

"ஏன்ணே, உனக்கு வேற வேலையே இல்லையா?" என்று ஆரம்பித்தாள் தங்கை. "முதுகு வலிச்சுதுன்னா தைலம் தேய்ச்சுக்கோ. அத எதுக்கு அட்டையில எழுதற? நீ என்ன லிஃப்டா?"

"நடந்தத எழுதினேன்."

"நடந்ததெல்லாம் எழுதுவியா? நான் உன் வீட்டுக்கு வந்து ரெண்டு ஸ்பூன் ஊறுகா எடுத்துட்டுப் போனேனே, அத எழுதினியா?"

"அத நீ என் ஃபிரிட்ஜ் தட்டுலேருந்து எடுக்கல."

தங்கை அண்ணியைப் பார்த்தாள். சிரிக்க வேண்டிய இடம்தான், இருவருக்கும் தெம்பில்லை.

"நீ மட்டும் என்ன?" என்றான் அவன், தங்கையிடம். "இடைவிடாமல்னு எழுதியிருக்கு. படிச்சுட்டுத்தானே கையெழுத்துப் போட்ட?"

"டைப் அடிச்சுக் குடுத்தாங்க, போட்டேன். எல்லாருக்கும் அதையேதான் குடுக்கறாங்க. அதப் படிக்க நான் என்ன பரீட்சையா எழுதறேன்?" பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அண்ணி, நான் ஒண்ணு சொல்லட்டா. வேற ஒரு மஞ்ச அட்டை வாங்கிக்கலாம். பன்னெண்டு வரி. ரெண்டு பேனா மாத்தி மாத்தி எழுதினா பழசு மாதிரியே இருக்கும். அரை மணி நேர வேலை. அக்டோபருக்கும் 'சரி'ன்னு போட்டுட்டு வந்து குடுத்துருவோம்."

அதற்கு மறுப்புச் சொல்ல அவளிடம் ஒன்றும் இல்லை. காலையிலிருந்து ஒரு டீ குடித்திருந்தாள். அரை மணி நேரத்தில் ஏழு மாதம் போகும் என்றால் போகட்டும் என்றுதான் தோன்றியது.

"எழுதலாம்," என்றாள், சுவரைப் பார்த்து.

"நான் எழுத மாட்டேன்," என்றான் அவன்.

"என்ன மாட்டே?" தங்கை.

"கையெழுத்துப் போட்ட அட்டைய மாத்த மாட்டேன். அட்டைய மாத்துறவன் கயித்தப் பார்க்காமலே பார்த்தேன்னு எழுதுவான். எழுதி, உள்ள ஆள ஏத்துவான்."

"இங்க யாருண்ணே ஏறப்போறா?"

கேட்டுக்கொண்டிருந்த மனைவிக்குள் வருஷக்கணக்கில் உறங்கிக்கிடந்த எரிச்சல் ஒன்று புரண்டு படுத்தது. ஊரில் எல்லாரும் அவளைக் கேட்டுவிட்டார்கள். குடிக்கிறாரா? இல்லை. அடிக்கிறாரா? இல்லை. வேறு பொம்பளை? இல்லை. அப்புறம் என்னம்மா? அந்த 'அப்புறம் என்ன'வுக்கு எழுதிக் காட்ட அவளிடம் ஒன்றும் இருந்ததில்லை. பதினான்கு வருஷத்தில் அவன் அவளைக் கேட்டதெல்லாம் ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்விகள். சாவி இருக்கா? தண்ணி வந்துச்சா? சம்பளம் போட்டாச்சா? ஒருநாள் லேபில் ஒரு குழந்தை அவள் கையிலேயே மயங்கி விழுந்து, அவள் நடுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோதும், சாப்பிட்டாச்சா என்று கேட்டுவிட்டு டிவியைப் போட்டான். பொய் சொல்லமாட்டான். சொல்வதற்கு எதையும் எடுத்து வெளியே வைக்கவும் மாட்டான்.

இப்போது மனதில் வேறொரு சந்தேகம். இவனுக்கு இது முடிய வேண்டாம் போலிருக்கிறது. அதற்காகத்தான் அக்டோபரை அட்டையில் ஏற்றி வைத்திருக்கிறான்.

"வேணும்னே பண்றீங்களா?" என்று நேராகவே கேட்டாள். ஒரு வருஷத்தில் அவன் முகத்தைப் பார்த்து அவள் கேட்ட முதல் கேள்வி.

"இல்ல," என்றான்.

கண்ணாடியம்மா மேசையில் இருந்தார். மூவரும் சொன்னதைக் கேட்டுவிட்டு, கண்ணாடியை மூக்கில் ஏற்றி அட்டையைப் படித்தார். படித்து முடித்தும் கொஞ்ச நேரம் அதைக் கீழே வைக்கவில்லை.

"முப்பது வருஷமா இந்தக் கட்டடத்துல இருக்கேன். தனக்கெதிரா தானே சாட்சி கொண்டுவந்த ஆள இப்பத்தான் பாக்கறேன். சரி. புது அட்டை கிட்டைன்னு யாராவது பேசினா இப்பவே விட்டுருங்க. மாட்டினா மனு மட்டும் போகாது, ஆளும் ஜெயிலுக்குப் போகணும்." தங்கை தன் செருப்பைப் பார்த்தாள். "முதுகுக்கு என்ன ஆச்சு?"

"லிஃப்ட் குழியில வழுக்கிட்டேன்."

"ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கா?"

"இருக்கு. எக்ஸ்ரேயும் இருக்கு."

"இருக்காதா பின்ன," என்றார் கண்ணாடியம்மா. அவள் பக்கம் திரும்பினார். "நோயாளியப் பாத்துக்கறது வேற, குடும்பம் நடத்தறது வேறம்மா. ஆனா அத நான் சொன்னாப் பத்தாது. வியாழக்கிழமை விசாரணை அதிகாரி இருப்பாரு. அந்தப் பதினோரு நாள்ல என்ன நடந்துச்சுன்னு நீங்க ஒரு தாள்ல எழுதுங்க, அவர் ஒரு தாள்ல எழுதட்டும். கலந்து பேசிட்டு எழுதாதீங்க, ஒரே மாதிரி இருந்தா உடனே கண்டுபிடிச்சுருவாரு. எல்லாத்துலயும் ரெண்டு காப்பி. தங்கச்சி, நீ 'இடைவிடாமல்'ங்கறத அடிச்சுட்டு, உனக்குத் தெரிஞ்சத உன் கையால எழுது. 'என் அண்ணி'ன்னு எழுதாதே, மனுதாரர்னு போடு."

"வாயில வராதே, மேடம்."

"வாயில வேணாம். தாள்ல வந்தாப் போதும்."

புதன்கிழமை மதியம் வேலை முடிந்து வந்து, அவள் படுக்கையறையில் உட்கார்ந்து எழுதினாள். எழுத அதிகம் இருக்கவில்லை. இரண்டு பேர் அவனை நாற்காலியில் வைத்து மூன்று மாடி தூக்கிக்கொண்டு வந்தார்கள். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. ஹாலில் தரையில் படுக்க முடியாது என்பதால் கட்டிலை அவனுக்குக் கொடுத்துவிட்டு அவள் ஹாலுக்குப் போனாள். காலையில் கஞ்சி வைத்து மூடிவிட்டு வேலைக்குப் போனாள். மதியம் வந்து உடம்பு துடைத்துவிட்டாள். அவன் லுங்கியைத் தன் துணியோடு போட்டுத் துவைத்தாள், இரண்டு தடவை மெஷின் ஓட்ட நேரமில்லை. சாயங்காலம் நாத்தனார் வந்து ஒரு மணி நேரம் அவனைப் பார்த்துக்கொண்டாள். பன்னிரண்டாம் நாள் வலது பக்க அடுப்பைத் துடைத்து வைத்துவிட்டு அவள் படுக்கையறைக்குத் திரும்பினாள். ஒரு பக்கத்துக்கும் குறைவாக முடிந்துவிட்டது. நோயாளியின் பெயருக்குப் பதில் 'மேற்படியார்' என்று எழுதியிருந்தாள்.

சமையலறைக்குத் தண்ணீர் குடிக்கப் போனபோது அவன் மேடையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தான். தாளைக் கையால் மறைத்தான். அவள் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை விசாரணை அதிகாரிக்கு ஜலதோஷம். கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே பேசினார். ஒவ்வொருவராக வரச் சொன்னார். முதலில் அவள்.

"பதினோரு நாளும் நீங்கதான் சமைச்சீங்களா?"

"ஆமா சார்."

"உடம்பு துடைச்சுவிட்டது, துணி துவைச்சது?"

"ஆமா."

"ஏன்?"

"எந்திரிக்க முடியல சார் அவரால. பாத்துட்டுச் சும்மா போக முடியாதில்லையா. லேபுக்கு வர்றவங்கள ரோட்டுல பாத்தாலே கையப் பிடிச்சு உக்கார வைக்கறேன்."

"அந்த நாள்கள்ல ஒரே அறையில படுத்தீங்களா?"

"இல்ல சார். நான் ஹால்ல."

"மறுபடி சேர்ந்து வாழலாம்னு நினைப்பு ஏதாவது வந்துச்சா?"

"வரல."

"ஒரு தடவகூடவா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

அவள் நிஜமாகவே யோசித்தாள். ஐந்தரைக்கு எழுந்தது, கஞ்சி, பஸ், ஊசி, பஸ், வெந்நீர், துணி. "எனக்குத் தூக்கம்தான் வந்துச்சு சார்," என்றாள்.

அதிகாரி சிரிக்கவில்லை. அப்படியே எழுதிக்கொண்டார்.

பிறகு அவன் உள்ளே போனான். அவளும் நாத்தனாரும் வெளியே நின்றார்கள். அவளுடைய விசாரணை பத்து நிமிடத்தில் முடிந்திருந்தது. அவனுக்கு அரை மணிக்கு மேலாயிற்று.

"என்ன அண்ணி, இவ்வளவு நேரம்?" என்றாள் நாத்தனார். "வீட்ல ஒரு மாசத்துக்குப் பேசறத உள்ள பேசறானா?"

அவன் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். அக்டோபரில் சேர்ந்துதான் இருந்தோம் என்றால் ஏழு மாதம். அவன் பொய் சொல்லமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். எது அவனுக்கு உண்மை என்றுதான் தெரியாது.

இருவரையும் சேர்த்துக் கூப்பிட்டார்கள். அதிகாரி இரண்டு வாக்குமூலங்களையும் உரக்கப் படித்தார். அவளுடையது அவளுக்கே வேறு யாரோ சொன்னது போலிருந்தது. பிறகு அவனுடையதை எடுத்தார். நடுவில் இருமல் வந்து ஒருமுறை நிறுத்தினார்.

"'மனுதாரர் பதினோரு நாளும் எனக்குச் சமைத்துக் கொடுத்தார். என்னைக் கவனித்துக்கொண்டார். ஐந்தாம் நாள் மதியம், அவர் வெந்நீர்ப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, மறுபடி சேர்ந்து வாழ வேண்டும் என்று நினைத்தேன். அதை அவரிடம் வாயால் சொல்லவில்லை. மாசக் கடைசியில் அட்டையில் எழுதி அவரிடம் கொடுத்தேன். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். ஏதாவது சொல்வார் என்று ஒரு வாரம் பார்த்தேன். சொல்லவில்லை. அவருக்கு அந்த எண்ணம் இல்லை என்று தெரிந்துகொண்டேன். நவம்பரில் தனித்தனி என்று எழுதினேன்.'"

அவன் மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். எந்தச் சாமானையும் பழுது பார்க்கும் முன் அவன் அப்படித்தான் பார்ப்பான்.

"நான் படிக்கல," என்றாள் அவள். யாரிடம் என்றில்லாமல் சொன்னாள்.

"என்னம்மா?"

"அந்த அட்டைய, சார். வேலைக்குப் போற அவசரம். படிக்காமதான் கையெழுத்துப் போட்டேன். செவ்வாய்க்கிழமைதான் பாத்தேன்."

அவன் முதல் தடவையாகத் தலையைத் தூக்கினான். "முதுகுன்னு எழுதியிருந்தேனே."

"முதுகுன்னு எழுதினா எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் அவள். குரல் உயரவில்லை. "முதுகுன்னா முதுகுதான்."

அவன் அதை யோசித்துப் பார்த்தான். "ஆமா," என்றான்.

அதிகாரி கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். "சட்டம் என்ன சொல்லுதுன்னு சொல்லிடறேன். ஒருத்தர் மனசுல மட்டும் நினைச்சா அது சேர்ந்து வாழ்ந்ததா ஆகாது. ரெண்டு பேருக்கும் அந்த எண்ணம் இருக்கணும். அவர் சொன்னத இப்பக் கேட்டீங்க. இதக் கேட்ட பிறகு உங்க வாக்குமூலத்துல ஏதாவது மாத்தணுமாம்மா? மாத்தணும்னா தாராளமா மாத்தலாம். அவசரமில்ல."

"அத ஒரு தடவ நானே படிக்கலாமா சார்?"

தாளை அவள் பக்கம் நகர்த்தினார். அவன் கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, சர்வீஸ் அட்டையில் எழுதுவது போல. அவள் மெதுவாகப் படித்தாள். வெந்நீர்ப் பாத்திரம் வந்த வரியை இரண்டு தடவை படித்தாள். அன்றைக்கு அந்தப் பாத்திரம் அவள் கையைச் சுட்டது ஞாபகம் வந்தது. பிடிதுணி ஹாலிலேயே கிடந்தது. அவன் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். அப்போது அவன் சொன்னது, 'சூடா இருக்கா?'

இருக்கு, என்று அவள் சொல்லியிருந்தாள்.

பதினான்கு வருஷம் அப்படித்தான் போயிற்று. அக்டோபரில் அட்டையைப் படித்திருந்தாலும் முதுகு என்றுதான் படித்திருப்பாள். இனி ஒவ்வொரு அட்டையையும் அலமாரிக் கதவைத் திறந்து அவளே தேடிப் படிக்க வேண்டும். படித்ததிலிருந்து எது முதுகு, எது முதுகில்லை என்று கண்டுபிடிக்க வேண்டும். வருத்தமாகத்தான் இருந்தது. அதைவிட அதிகமாகக் களைப்பாக இருந்தது.

"மாத்தணும்னு இல்ல சார்," என்றாள்.

"சரி." அதிகாரி எழுதினார். "பதினோரு நாள கணக்குலேருந்து கழிச்சுடறேன். அது நோய்க் கவனிப்பு. மார்ச் மூணோட பதினொண்ணக் கூட்டினா, நாளையோட வருஷம் முடியுது. திங்கட்கிழமை மனுவத் திரும்பக் குடுங்க. இந்த உத்தரவோட ஒரு காப்பிய இணைச்சுக் குடுத்தா வாங்கிப்பாங்க. ரெண்டு பேரும் இங்க கையெழுத்துப் போடுங்க. படிச்சுட்டுப் போடுங்க."

இருவரும் படித்தார்கள். இருவரும் போட்டார்கள்.

வெளியே நாத்தனார் எழுந்து வந்தாள். "என்னாச்சு அண்ணி?"

"திங்கட்கிழமை வரணும்."

"ஐயோ, மறுபடி லீவா? எங்க முதலாளி என்னையே டைவர்ஸ் பண்ணிடுவாரு."

பஸ் நிறுத்தத்தில் கூட்டம். முதலில் வந்த பஸ்ஸில் ஓர் ஆளுக்குத்தான் இடமிருந்தது. அவன் ஒதுங்கி நின்றான். அவள் ஏறினாள். ஏறிய பிறகுதான் வீட்டுச் சாவி தன்னிடம் இல்லையென்று தெரிந்து ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாள். கூப்பிட வார்த்தையில்லாமல் கம்பியைத் தட்டினாள். அவன் சாவியைக் கொடுத்தான். பஸ் கிளம்பியது.

மார்ச் பதினேழாம் தேதி திங்கட்கிழமை மனு ஏற்றுக்கொள்ளப்பட்டது. மே இருபத்தாறாம் தேதி விவாகரத்து வழங்கப்பட்டது. விசாரணை ஆறு நிமிடம் நடந்தது. ஜூன் ஒன்றாம் தேதி அவன் கம்பெனிக் கிடங்குக்கு மேலே இருந்த அறைக்குக் குடிபோனான். இரண்டு பெட்டி, ஒரு பாய், ஒரு கருவிப்பை. தங்கை உடன் போனாள். மனைவியாக இருந்தவள் அன்று காலை லேபில் வேலையில் இருந்தாள்.